அலாய் வீல் மாற்றினால் இன்சூரன்ஸ் கிளெய்ம் கிடைக்காதா?

கேள்வி: என் சிறிய காரில் இருந்த 14 அங்குல இரும்பு வீல்களை எடுத்துவிட்டு, எடை குறைந்த 15 அங்குல அலாய் வீல் போட்டேன். லாரிக்கு ஒதுங்கியபோது தடுப்புச் சுவரில் மோதி பம்பர், ரேடியேட்டர், ஒரு வீல் சேதமாகிவிட்டன. 'அனுமதியில்லாத மாற்றம்' என்று இன்சூரன்ஸில் மொத்தமாக மறுத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், கோவை

பதில்: மறுப்பை முதலில் எழுத்தில் வாங்குங்கள். பாலிசியின் எந்த நிபந்தனையை மீறினீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும்.

வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். வண்டியின் கட்டமைப்பை மாற்றி, அதன் அடிப்படைத் தன்மையே வேறாகிவிடுவதைத்தான் அந்தப் பிரிவின் விளக்கம் 'மாற்றம்' என்கிறது. உங்கள் மாடலின் உயர் வேரியண்டுக்குக் கம்பெனியே 15 அங்குல வீல் தருகிறதா என்று ஓனர்ஸ் மேனுவலிலும், டிரைவர் கதவோரம் உள்ள டயர் காற்றழுத்த ஸ்டிக்கரிலும் பாருங்கள். இருந்தால் அதுதான் உங்கள் முதல் சாட்சி. வீல் பெரிதானாலும் டயரோடு சேர்த்துப் பார்த்தால், 14 அங்குல வீலுக்கான 165/80 ஆர்14 டயருக்கும் 15 அங்குல வீலுக்கான 185/65 ஆர்15 டயருக்கும் மொத்த விட்டத்தில் ஏறக்குறைய 2 மி.மீ.தான் வித்தியாசம். ஃபெண்டரை (சக்கரத்தின் மேலுள்ள பாடி விளிம்பு) தாண்டி வெளியே நிற்கும் 17 அங்குல வீல் என்றால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். தயாரிப்பாளர் குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் கூறியிருக்கிறது. எதிர்த்தரப்பு அதை எடுத்து வைக்கும்.

அதனால் உங்கள் பிடி வேறு இடத்தில் இருக்கட்டும். சுவரில் மோதியதற்கும் வீலுக்கும் என்ன தொடர்பு? ரேடியேட்டர் உடைந்தது வீலாலா? தனிப் பயன்பாட்டுக் காரை வாடகைக்கு விட்டதாகச் சொல்லப்பட்ட வழக்கிலேயே, கிளெய்மை முழுதாக மறுக்கக்கூடாது, ஒரு பகுதியாவது கொடுக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அலாய் வீலைப் பாலிசியில் தெரிவித்துக் கூடுதல் பிரீமியம் கட்டவில்லை என்றால், அந்த வீலின் விலையை மட்டும் விட்டுவிடுங்கள். மற்றதைக் கேட்பது உங்கள் உரிமை.

நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதி ஒரு மாதம் பாருங்கள். பதில் இல்லாவிட்டால், அல்லது மறுபடி மறுத்தால், ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். இல்லையென்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் போடாதீர்கள்.

வீல் உடைந்ததால்தான் வண்டி இழுத்துக்கொண்டு போனது என்று சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் எழுதியிருந்தால் வழக்கே மாறிவிடும். ரிம்மில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, எவ்வளவு எடை தாங்கும் என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அச்சு (ஆக்சில்) சுமக்கும் அதிகபட்ச எடையில் பாதியையாவது ஒரு வீல் தாங்க வேண்டும். தாங்காத வீலை விற்றிருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடைக்காரரிடமும் தயாரிப்பாளரிடமும் இழப்பீடு கேட்கலாம். அதற்குக் கடை பில் வேண்டும். உடைந்த வீலும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.