நாடாப்புழுக் கட்டிக்குக் கருஞ்சீரகம் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. எங்களிடம் 30 ஆடு, காவலுக்கு 2 நாய். ஸ்கேனில் அம்மாவின் கல்லீரலில் ஹைடாட்டிட் கட்டி, நாடாப்புழுவால் வருவது என்றார்கள். அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரை சாப்பிடுகிறார். பூண்டும் கருஞ்சீரகமும் இந்தப் புழுவைக் கொல்லும், நானோ மருந்தும் வந்துவிட்டது என்று சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: நிறுத்த வேண்டாம். சித்தப்பா அனுப்பியது பொய்யில்லை, பாதிச் செய்தி.

பூண்டு, கருஞ்சீரகம், இஞ்சிச் சாறுகள் கட்டிக்குள் இருக்கும் புழுத்தலைகளைக் கொல்வது ஆய்வுக்கூடத்தில் பார்த்ததுதான். ஆனால் கட்டியின் நீரை உறிஞ்சி எடுத்து, கண்ணாடித் தட்டில் விட்டு, அதன்மேலேயே சாற்றை ஊற்றினார்கள். அவற்றில் பல ஆய்வுகள் குடிக்கும் மருந்தைத் தேடுபவையும் அல்ல. அறுவைச் சிகிச்சையில் புழுத்தலைகள் சிந்திப் பரவாமலிருக்க அடர் உப்புநீர் பயன்படுத்துவார்கள். அதற்கு மாற்று தேடுகிறார்கள். அம்மா குடிக்கும் கஷாயம் குடலில் இறங்கி, ரத்தத்தில் கலந்து, கட்டியின் தடித்த சுவரைத் தாண்டும்போது அதில் என்ன மிஞ்சும்? குழம்பில் பூண்டு போடுங்கள், யார் வேண்டாம் என்றது! கஷாயம் மட்டும் வேண்டாம். அல்பெண்டசோலே சிலருக்குக் கல்லீரலைப் படுத்தும். ரத்தப் பரிசோதனை ஏறுமாறாக வந்தால், எதனால் என்று தெரியாமல் முழிப்போம்.

அப்புறம் நானோ. அல்பெண்டசோல் தண்ணீரில் சரியாகக் கரையாது. விழுங்கியதில் கொஞ்சம்தான் ரத்தத்தில் ஏறும். கொழுப்பிலோ, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானிலோ நுண்துகளாக்கிக் கொடுத்து எலிகளில் நல்ல பலன் பார்த்திருக்கிறார்கள். நோயாளிக்கு எழுதிக் கொடுக்கும் கட்டத்துக்கு வரவில்லை.

அதே வேலையை ஓரளவு உங்கள் அடுப்படியே செய்யும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்கினால் இந்த மருந்து 5 மடங்கு வரை கூடுதலாக ஏறும். நான் பென்னாகரத்துக்காரன், காலையில் களியும் மோரும் என்றால் எனக்குத் தெரியும். அம்மா அதோடுதான் மாத்திரை போடுகிறாரா? நிலக்கடலைச் சட்னி, முட்டை, எண்ணெய் தாராளமாகச் சேருங்கள். வயிற்றை யாரும் எண்ணெய் தேய்த்து நீவ விடாதீர்கள். கட்டி உடைந்தால் கடும் ஒவ்வாமையில் உயிருக்கே ஆபத்து.

நாய்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆடு அறுக்கும்போது ஈரலில் நீர்க்கொப்புளம் தெரிந்தால் என் அப்பா அதை வெட்டி நாய்க்குப் போடுவார். வீணாகக் கூடாதாம்! அந்தக் கொப்புளம்தான் நாயின் குடலில் புழுவாகிறது. புழுவின் முட்டை நாயின் மலத்தோடு வெளியேறி, மண், கை, கீரை வழியாக நம் வாய்க்கு வருகிறது. இனி கொப்புளம் உள்ள ஈரலை ஆழமாகப் புதையுங்கள். கால்நடை மருத்துவரிடம் கேட்டு, 2 நாய்களுக்கும் பிராசிகுவாண்டெல் என்ற நாடாப்புழு மருந்தை வருடத்துக்கு 4 முறையாவது கொடுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.