விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போய் நான்கு வாரம் கழித்துத் திரும்பினோம். மேசைக் கணினியை இயக்கினால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது. மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’ என்று வந்து கறுப்பாகிவிடுகிறது. புது மானிட்டர் வாங்கத்தான் வேண்டுமா?
வாசகி, ஈசூன்

பதில்: அவசரப்பட வேண்டாம். ‘நோ சிக்னல்’ என்று எழுதிக் காட்டும் மானிட்டரில் பெரும்பாலும் பழுதிருக்காது. படம்தான் அதுவரை வந்து சேரவில்லை.

மானிட்டரின் ‘இன்புட்’ பகுதியில், கேபிள் செருகியுள்ள துளையே தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கணினிப் பெட்டியின் பின்புறம் பாருங்கள். படத்தை உருவாக்கும் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், மானிட்டர் கேபிளுக்கான எச்டிஎம்ஐ துளை இரண்டு இடத்தில் இருக்கும். மேலே யுஎஸ்பி துளைகளோடு இருப்பது மதர்போர்டினுடையது (எல்லாப் பாகங்களும் பொருந்தும் தாய்ப்பலகை), கீழே படுக்கைவசத்தில் இருப்பது கார்டினுடையது. கேபிள் கீழே இருக்க வேண்டும். துடைத்து அடுக்கும்போது அது மேலே மாறிவிடுவதுண்டு.

இவை சரியென்றால் என் சந்தேகம் ரேம் மீதுதான், அதாவது மதர்போர்டில் செருகியிருக்கும் தற்காலிக நினைவகப் பட்டை மீது. பூட்டிக் கிடந்த வீட்டில், சிங்கப்பூரின் ஈரப்பதத்தில், ரேமின் பொன்னிறப் பற்களில் மெல்லிய படலம் படிந்து தொடர்பு விட்டுப்போகலாம். விசிறி சுற்ற ரேம் தேவையில்லை. படம் வரத் தேவை.

சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கணினியின் பவர் பொத்தானை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். பக்கத் தகட்டைக் கழற்றி, பெட்டியின் வெற்று உலோகத்தை ஒருமுறை தொட்ட பிறகே உள்ளே கை வையுங்கள். ரேமின் ஓரக் கொக்கியை விலக்கி நேராக மேலே இழுங்கள். பற்களைத் துடைக்கப் பலர் பென்சில் ரப்பரைச் சொல்வார்கள். அது பூச்சைத் தேய்க்கும், துகளையும் விடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியே நல்லது. துளைக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போய்விடும்.

நன்றாக உலர்ந்ததும் ஒரே ஒரு ரேமை மட்டும் போடுங்கள். நான்கு துளை உள்ள மதர்போர்டுகள் பெரும்பாலானவற்றில் பிராசசரிலிருந்து இரண்டாவது துளை. ‘கிளிக்’ சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். பாதி இறங்கிய ரேமும் இதே கறுப்புத் திரையைத்தான் தரும். படம் வந்தால் அடுத்ததைச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் படம் போகிறதோ, அந்த ரேமோ துளையோதான் கோளாறு. டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் என்றால், மாற்றிய பின் முதல் முறை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கக்கூடும். பொறுமையிழந்து அணைத்துவிடாதீர்கள்.

அதற்கும் வரவில்லையென்றால், பிளக்கைப் பிடுங்கிய நிலையில் மதர்போர்டின் சிஆர்2032 நாணய பேட்டரியை 5 நிமிடம் வெளியே எடுத்து வையுங்கள். அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். தேதியைத் திருத்த வேண்டியிருக்கும். விண்டோஸில் கோப்புகளைக் காக்கும் ‘பிட்லாக்கர்’ பூட்டு இருந்தால் மீட்புச் சாவியைக் கேட்கலாம், முன்கூட்டியே கைபேசியில் தேடி எடுத்து வையுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த பேட்டரியை மேசையில் விடவே கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பவர் சப்ளை பெட்டியையும் யாரும் திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் மின்சாரம் தேங்கியிருக்கும்.

ரேம்தான் போயிருக்கிறது என்று தெரிந்தால், பழையதையே கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குக் கையோடு கொண்டுபோங்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் நடு வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்று மற்றதன் துளையில் இறங்காது.

கேள்வி: புது 4கே மானிட்டரில் படம் அடிக்கடி இரண்டு விநாடி மறைந்து வருகிறது. பழைய 5 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிளைத்தான் பயன்படுத்துகிறேன்.
வாசகர், செங்காங்

பதில்: விண்டோஸின் திரை அமைப்பில் 60 ஹெர்ட்ஸை (விநாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற எண்) 30 ஆகக் குறையுங்கள். மறைவது நின்றால் கேபிளால் அந்த வேகத்தைத் தாங்க முடியவில்லை என்று பொருள். ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ முத்திரையுள்ள 2 மீட்டர் கேபிள் போதும். அமைப்பில் 60 என்ற தேர்வே இல்லையென்றால் கணினியின் துளை, 4கே படத்தை 30 ஹெர்ட்ஸ் வரையே தரும் பழைய எச்டிஎம்ஐ 1.4 ஆக இருக்கலாம். அப்போது புதுக் கேபிளால் பயனில்லை, டிஸ்ப்ளேபோர்ட் என்ற வேறு வகை மானிட்டர் துளை இருந்தால் அதற்கு மாறுங்கள்.