முழங்கால் வலியோடு லிஸ்பன் போகலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ஏப்ரல் மாதம் நான், கணவர், அம்மா மூவரும் லிஸ்பனில் நான்கு நாள் தங்கப் போகிறோம். அம்மாவுக்கு 68 வயது. நடப்பார், ஆனால் முழங்கால் தேய்மானம் இருக்கிறது. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ஏழு குன்றுகள் உள்ள ஊர் என்கிறார்கள். எங்கே அறை எடுப்பது, 28ஆம் எண் டிராமில் ஏற்றலாமா, எதை விட்டுவிடலாம்? ஏறும்போது வண்டி, இறங்கும்போது நடை என்று திட்டமிட்டிருக்கிறோம், சரிதானா?"

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதைப் பொறுத்தது. அந்தத் திட்டம் உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் சரி. அம்மாவுக்குச் சரியில்லை. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஏற்றத்திலும் முழங்கால் வலிக்கலாம். ஆனால் வலி அதிகமாகப் பிடுங்குவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். ஒவ்வொரு படி இறங்கும்போதும் உடம்பின் எடை முழுக்க வளைந்த முழங்காலில் போய் விழும். லிஸ்பனில் இது இன்னும் மோசம். நடைபாதை முழுக்கக் கைப்பிடி அளவு சுண்ணாம்புக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். வெள்ளையும் கறுப்புமாகக் கோலம் போட்டது போல அழகாக இருக்கும். தலைமுறை தலைமுறையாகக் கால் பட்டு வழவழத்துப் போன கற்கள் அவை. ஏப்ரலில் திடீர்ச் சாரல் உண்டு. நனைந்த கல்லில், சரிவில், தோல் அடிப்பாகம் உள்ள செருப்பு நிற்கவே நிற்காது. அம்மாவுக்குப் பிடிமானமுள்ள ரப்பர் அடிப்பாகத்தோடு ஷூ வாங்குங்கள். இங்கேயே ஒரு வாரமாவது போட்டு நடந்து பழகட்டும்.

ஆக, லிஸ்பனில் அம்மாவுக்கான விதி இதுதான்: ஏறவும் வண்டி, இறங்கவும் வண்டி, நடை சமதளத்தில் மட்டும். இப்படிச் சொன்னால் பாதி ஊர் போய்விடுமே என்று நினைக்க வேண்டாம். ஊரின் சிறந்த பகுதி பலவும் சமதளத்தில்தான் இருக்கிறது.

அறை விஷயம். அல்ஃபாமா, கிராசா, பைரு ஆல்ட்டு ஆகிய மூன்றும் படத்தில் மயக்கும். மூன்றிலும் அறை எடுக்காதீர்கள். முதல் இரண்டும் செங்குத்து. மூன்றாவதில் இரவு முழுக்கக் கூச்சல். அல்ஃபாமாவின் படிக்கட்டுச் சந்து ஒன்றில் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். பெரியவர் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். மகன் செல்போனில் டாக்சி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தச் சந்துக்குள் எந்த வண்டியும் வர வழியில்லை. மேலேயும் நாற்பது ஐம்பது படி, கீழேயும் அதே அளவு. பெட்டியோடு ஊர் வந்து சேரும் முதல் நாளே இது உங்களுக்கு நேரக் கூடாது.

பைஷா பகுதியைப் பாருங்கள். ஆற்றங்கரைச் சதுக்கத்துக்கும் ரோசியு சதுக்கத்துக்கும் நடுவில், தெருக்கள் கட்டம் போட்டது போல நேராக ஓடும் சமதளம் அது. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள் காலையில் வந்த பூகம்பத்தில் பழைய நகரம் தரைமட்டமான பிறகு, அன்றைய அமைச்சர் பொம்பால் பிரபுவின் மேற்பார்வையில் புதிதாகத் திட்டமிட்டுக் கட்டிய பகுதி. சுவருக்குள் மரச்சட்டக் கூண்டு வைத்து, அடுத்த பூகம்பத்துக்கு ஆடினாலும் விழாதபடி கட்டினார்கள். இதில் ஒரு சிக்கலும் உண்டு. அந்தக் காலக் கட்டடங்களில் பலவற்றுக்கு இன்னும் லிஃப்ட் இல்லை. படத்தில் அறை பளபளவென்று இருக்கும், நான்காம் மாடியாக இருக்கும், குறுகிய மரப்படியில்தான் ஏற வேண்டும். லிஃப்ட் உண்டா, வாசலிலிருந்து லிஃப்ட் வரை படி உண்டா என்று இரண்டையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். அப்படி எதுவும் அமையாவிட்டால் அவெனிடா டா லிபர்டாடே சாலையின் கீழ்ப்பாதி, அல்லது சல்டான்யா. இரண்டுக்கும் மெட்ரோ இருக்கிறது, நவீன ஓட்டல்கள் இருக்கின்றன. வாடகையோடு ஒருவருக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ நகர வரியும் சேரும். 2024 செப்டம்பரில் உயர்த்திய கட்டணம் அது. ஓட்டலிலேயே வாங்கிக்கொள்வார்கள், யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று பதற வேண்டாம்.

28ஆம் எண் டிராமுக்கு வருவோம். ஏற்றலாம், ஆனால் எங்கே, எப்போது ஏறுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம். இது ஊர் மக்கள் அன்றாடம் போய்வரும் வண்டி. 1930களின் உடல், மர வேலைப்பாடு, குறுகலான நடைவழி, முதல் படி உயரம். முன்பக்கம் ஏறி பின்பக்கம் இறங்க வேண்டும். பகல் பத்து மணிக்கு மேல் மார்த்தீம் மொனீஸ் நிறுத்தத்தில் வரிசை வளைந்து நிற்கும். நடுவில் எங்காவது ஏறினால் நின்றுகொண்டுதான் பயணம். வளைவுகளில் குலுக்கும் குலுக்கலில் நிற்பது அம்மாவால் ஆகாது. பிக்பாக்கெட்டுக்குத் தோதான நெரிசலும் அதுதான். ஆகவே மறுகோடியிலிருந்து ஏறுங்கள். கம்போ டி ஒரீக் பகுதியில், பிரசேரெஸ் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் வண்டி புறப்படுகிறது. காலை எட்டு எட்டரைக்கு டாக்சியில் அங்கே போய்விட்டால் மூவருக்கும் ஜன்னலோரம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. வண்டி அல்ஃபாமாவுக்குள் நுழையும்போது சுவருக்கும் ஜன்னலுக்கும் நடுவே கை நீட்ட இடமிருக்காது. அம்மா கையை உள்ளேயே வைத்திருக்கட்டும்.

பழநியில் விஞ்ச் என்கிறோமே, அது போன்ற இழுவை வண்டிகளும் லிஸ்பனுக்குப் பேர் போனவை. அவற்றில் ஒன்றான குளோரியா 2025 செப்டம்பர் 3 அன்று கம்பி அறுந்து கவிழ்ந்தது. 16 பேர் இறந்தார்கள். மற்றவற்றையும் ஆய்வுக்காக நிறுத்தினார்கள். ஆகையால் அவற்றை நம்பி எந்த நாளையும் திட்டமிட வேண்டாம். சாந்தா ஜுஸ்தா என்ற இரும்பு லிஃப்ட் 1902இல் திறந்தது, 45 மீட்டர் உயரம். அதன் அடியில் மணிக்கணக்கில் நிற்கும் கூட்டத்தில் அம்மாவை நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே உயரத்துக்குக் காசில்லாமல் போக வழி இருக்கிறது. பைஷா-ஷியாடு மெட்ரோ நிலையத்துக்குக் கீழே பைஷா பக்கம் ஒரு வாசல், மேலே ஷியாடு பக்கம் ஒரு வாசல். நடுவில் அடுக்கடுக்காக நகரும் படிகள். பைஷாவில் நுழைந்து ஷியாடுவில் வெளியே வந்தால் குன்றில் பெரும்பகுதி ஏறிவிட்டீர்கள். இறங்கவும் அதே வழி. சில நாள் ஒரு படி பழுதாகி நிற்கும். முதலில் நீங்கள் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூட்டிப் போங்கள். மேலே ஷியாடுவிலிருந்து கொஞ்ச தூரத்தில் கார்மு மடாலயம். பூகம்பத்தில் கூரை விழுந்த தேவாலயத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். கல் வளைவுகள் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும்.

குன்றின் மேலுள்ள சாவ் ஜோர்ஜ் கோட்டைக்குப் போக ரோசியு பக்கத்திலுள்ள பிகேரா சதுக்கத்திலிருந்து 737ஆம் எண் சிறிய பஸ் வாசல் அருகே வரை போகும். ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் கோட்டையை விட்டுவிட்டு டாக்சியில் போர்த்தாஸ் டு சோல் முனைக்குப் போவேன். ஊபர், போல்ட் இரண்டும் அங்கே ஓடுகின்றன. மூவருக்குப் பிரித்துப் பார்த்தால் செலவு பெரிதாகத் தெரியாது. அந்த முனையிலிருந்து அல்ஃபாமாவின் ஓட்டுக் கூரைகளும் தேஜு ஆறும் ஒரே பார்வையில் விழும். பக்கத்திலேயே சாந்தா லூசியா தேவாலயம். அதன் வெளிச்சுவரில் நீல ஓட்டுச் சித்திரம் ஒன்று இருக்கிறது. பலரும் ஆற்றைப் படம் பிடித்துவிட்டு இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். பூகம்பத்துக்கு முன் ஆற்றங்கரை அரண்மனைச் சதுக்கம் எப்படி இருந்தது என்று வரைந்திருக்கிறார்கள். அதை அம்மாவோடு பக்கத்தில் நின்று பாருங்கள். பிறகு டாக்சியில் கீழே இறங்கி அந்தச் சதுக்கத்துக்கே போங்கள். இப்போது அதன் பெயர் பிராசா டு கொமெர்சியு. அரண்மனை இல்லை. அன்று காலை நிலம் அதிர்ந்ததும் இடிபாட்டுக்குப் பயந்து மக்கள் திறந்த வெளி என்று நம்பி ஓடி வந்தது இந்த ஆற்றங்கரைக்குத்தான். ஆறு உள்வாங்கி, பிறகு அலையாக எழுந்து அவர்களை வாரிக்கொண்டு போனது. மிச்சத்தை நாள் கணக்கில் எரிந்த தீ தின்றது. 2004 டிசம்பரைக் கண்ட நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அந்தக் கரையில் படித்துறைப் பக்கம் உட்கார இடம் உண்டு. மாலை நேரம் அங்கே போகலாம்.

ஒரு முழுக் காலை, ஆற்றங்கரைப் பகுதியான பெலெமுக்கு. ரோசியு பக்கத்திலிருந்து 15ஆம் எண் டிராம் போகிறது, நீளமான நவீன வண்டியாக வந்தால் ஏறுவது சுலபம். கரையோரம் முழுக்கச் சமதளம். பெலெம் கோபுரத்துக்குள் ஏற வேண்டாம், ஒருவர் ஏறினால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சுழல் படி. வெளியிலிருந்து பார்த்தாலே போதும். ஜெரோனிமோஸ் மடாலயத்தைத் தவற விடாதீர்கள், திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று விடுமுறை. நுழைவுச் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். தேவாலயத்துக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. வலப்பக்கம் கவிஞர் கமோயிஷுடையது. காமா 1524இல் இறந்தது கொச்சியில். முதலில் புதைத்ததும் அங்கேதான். ஃபோர்ட் கொச்சி தேவாலயத்தில் அந்த இடத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து 1539இல் உடலைப் போர்ச்சுகலுக்கு எடுத்து வந்தார்கள். மடாலயத்தைக் கட்டிய பணத்தில் பெரும்பங்கு ஆப்பிரிக்க, இந்திய வணிகத்தின் மீது விதித்த வரியிலிருந்து வந்தது. தூண்களில் கயிறும் சங்கிலியும் கடல் செடிகளும் செதுக்கியிருப்பதைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழுக்கும் இந்த ஊருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக 1554இல் லிஸ்பனில் அச்சிட்ட வேதபாடப் புத்தகத்தில்தான் தமிழ் முதன்முதலாக அச்சேறியது. எழுத்து ரோமன், மொழி தமிழ்.

சாப்பாடு. இங்கே "மாமிசம் வேண்டாம்" என்று சொன்னால் மீன் வரும். அது தவறான எண்ணத்தில் அல்ல, அவர்கள் வழக்கம் அப்படி. மீன், இறால், முட்டை எல்லாவற்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். பரிமாறுபவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தெரியும். கால்டு வெர்டே என்ற கீரை சூப் பச்சையாகத்தான் இருக்கும், மேலே பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். அதை எடுத்துவிட்டுத் தருகிறோம் என்றாலும் வேண்டாம். பீன்ஸை மாவில் தோய்த்துப் பொரித்த பண்டம் ஒன்று உண்டு, மாவில் முட்டை இருக்கிறதா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. ஊரே கொண்டாடும் பஷ்டெல் டி நாட்டா மஞ்சள் கருவில் செய்வது. அம்மாவுக்கு இல்லை. உங்கள் இருவருக்கும் வேண்டுமானால் 1837 முதல் இருக்கும் பெலெம் கடைக்குப் போங்கள். வெளி வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே போனால் நீல ஓடு பதித்த பெரிய கூடங்கள் இருக்கின்றன, அம்மா உட்கார்ந்து ஒரு காபி குடிக்கலாம்.

கேட்காமலே மேசையில் ரொட்டி, ஆலிவ், சீஸ் வைப்பார்கள். தொட்டால் காசு. வேண்டாமென்றால் உடனே எடுத்துப் போகச் சொல்லுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அம்மா வயிறாரச் சாப்பிட லுமியார் பகுதியில் இந்து சமூகத்தின் ராதா கிருஷ்ணர் கோயில் இருக்கிறது, அங்கே சைவ உணவகமும் உண்டு. மொசாம்பிக் விடுதலை பெற்றபோது லிஸ்பன் வந்து சேர்ந்த குஜராத்திக் குடும்பங்கள் வளர்த்த சமூகம் அது. திறந்திருக்கும் நேரத்தை முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, தயிர் வாங்க மார்த்தீம் மொனீஸ் பக்கம் தெற்காசியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சிறிய சமையலறை உள்ள அறையாக எடுத்தால் இரவுக்கு ஒரு ரசம் சாதம் வைத்துக்கொள்ளலாம். இதையே நான் அதிகம் சிபாரிசு செய்வேன். அங்கே இரவு உணவு ஏழரைக்கு மேல்தான் சூடு பிடிக்கும். பெரியவர்களுக்கு அது சரிப்படாது.

பயண அட்டை மெட்ரோ நிலையங்களிலேயே கிடைக்கும். ஆளுக்கு ஒன்று கட்டாயம், ஒரே அட்டையை மூவர் தேய்க்க முடியாது. அட்டை இல்லாமல் டிராமில் ஏறி ஓட்டுநரிடம் சீட்டு வாங்கினால் விலை மிக அதிகம்.

நான்காவது நாளுக்கு எல்லோரும் சிந்த்ரா என்பார்கள். அங்குள்ள பேனா அரண்மனை மலையுச்சியில். பஸ் நெரிசல், வாசலிலிருந்து மேலும் ஏற்றம், உள்ளே படி. உங்கள் கணவரோ நீங்களோ தனியாக ஓடிப் போய்விட்டு வரலாம், அம்மாவுக்கு அதை விட்டுவிடுங்கள். பதிலாகக் கைஸ் டு சோட்ரே நிலையத்திலிருந்து ரயிலில் கஷ்காய்ஷ் போங்கள். முக்கால் மணிக்கும் குறைவான பயணம். பாதை ஆற்றையும் பிறகு கடலையும் ஒட்டியே ஓடும். போகும்போது இடப்பக்க இருக்கை பிடியுங்கள். அங்கே இறங்கியதும் கடற்கரையோர நடைபாதை எஷ்டோரில் வரை சமமாகப் போகிறது. எங்கே களைக்கிறதோ அங்கே நிறுத்தி, எஷ்டோரில் நிலையத்திலேயே திரும்பும் ரயிலைப் பிடிக்கலாம். அட்லாண்டிக் தண்ணீர் ஏப்ரலில் ஜில்லென்று இருக்கும், காற்றும் அடிக்கும். அம்மாவுக்கு ஒரு சால்வையும் காதுக்கு ஸ்கார்ஃபும் பையில் இருக்கட்டும். சனி ஞாயிறு மட்டும் வேண்டாம், லிஸ்பனே அந்த ரயிலில் ஏறிவிடும்.