பணத்தைக் கேட்கப்போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்

கேள்வி: கிளிநொச்சியில் வசிக்கிறேன். வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கிறேன். மன்னார்ப் பக்கத்து ஒருவர், “அக்கரையிலிருந்து வள்ளத்தில் வந்தவை” என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். “பரவாயில்லை, தாருங்கள்” என்று 85,000 ரூபாவுக்கு ஒரு சோடி கடற்குதிரை வாங்கினேன். ஆணின் பையில் குஞ்சுகள்கூட இருந்தன. எதையும் தின்னாமல் இரண்டும் செத்துவிட்டன. பிள்ளைகள் அழுகிறார்கள், அவர் தொலைபேசியை எடுப்பதில்லை. பொலிஸில் முறையிடவா, வழக்குப் போடவா?

பதில்: பிள்ளைகளின் அழுகையையும் எடுக்காத தொலைபேசியையும் ஒருபுறம் வையுங்கள். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது, நீங்கள் எழுதிய “பரவாயில்லை” மட்டுமே. கள்ளமாக வந்தவை என்று தெரிந்தே வாங்கினீர்கள் என்பதற்கு அதுவே ஆதாரம்.

கடற்குதிரைகள் 2004 முதல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் இருக்கின்றன. அனுமதிப்பத்திரமின்றி நாடு தாண்டக்கூடாது. அக்கரையான இந்தியாவிலோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினம், பிடிப்பதே குற்றம். வள்ளத்தில் வந்த சோடிக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்? கள்ளமாக வந்தது என்று தெரிந்தே வைத்திருந்தவரையும் சுங்கச் சட்டம் விடாது.

பெர்மிட் இல்லாத முதிரை மரப் பலகைக்கு முற்பணம் கொடுத்து ஏமாந்தவர்களை வன்னியில் நிறையப் பார்த்திருக்கிறேன். குரல்பதிவோடு பொலிஸுக்குப் போவார்கள். “பெர்மிட் இல்லை என்று தெரியுமா?” என்ற கேள்வி வரும். முறைப்பாட்டாளராகப் போனவர் சந்தேகநபராக எழும்புவார். உங்களுக்கும் அதே கதிரைதான் காத்திருக்கிறது.

வழக்கும் உதவாது. வழக்குக்கு முன் சமரசம் பேசும் மத்தியஸ்த சபையைத் தாண்டிப் போனாலும், சட்டவிரோதக் கொடுக்கல் வாங்கலில் இருவரும் சமமாகக் குற்றப்பட்டால் பணம் யார் கையில் இருக்கிறதோ அங்கேயே நீதிமன்றம் விட்டுவிடும். போதாததற்கு, கடலில் பிடித்த கடற்குதிரை உறைய வைத்த இறாலைப் பெரும்பாலும் தொடாது. இரைப்பை இல்லாததால் அடிக்கடி தீனியும் வேண்டும். “வளர்க்கத் தெரியாமல் கொன்றார்” என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரே வரியில் முடித்துவிடுவார்.

சமாதானமாகப் போங்கள். இருவருக்கும் தெரிந்த ஒருவரை அனுப்பிக் கேளுங்கள். பாதி கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். “பொலிஸுக்குப் போவேன்” என்று மிரட்டிப் பணம் கேட்காதீர்கள், அது தனிக் குற்றமாகலாம். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்கவும் வேண்டாம். அழித்தது தெரியவந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

பணத்துக்குப் பதிலாக இன்னொரு சோடி தருகிறேன் என்பார். வாங்காதீர்கள்.