பச்சைப் பல்லி ரெண்டும் ஒரே இனமா?

வணக்கம்ங்க, மொரீஷியஸ்ல ரோஸ் ஹில் ஊர்ல உங்க வீட்டு வாழை மரத்துல ஒரு பச்சைப் பல்லி, கடலோர ஊரான ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்ல சித்தப்பா வீட்டுல வேற மாதிரி ஒண்ணு, இது ரெண்டும் ஒரே இனமா, பையன் ஸ்கூல் ப்ராஜெக்ட்ல என்ன எழுதலாம்னு கேட்டிருந்தீங்க. முதல்ல நிறத்தை மட்டும் நம்பாதீங்க, பயந்தாலோ குளிர்ந்தாலோ அதே பல்லி கருத்துப்போயிடும்.

நம்ம மொரீஷியஸ் எரிமலைத் தீவு, வயசு சுமார் 80 லட்சம் வருஷம். மடகாஸ்கர் பக்கத்துல இருந்து மிதந்து வந்த ஃபெல்சுமா (இந்தப் பச்சைப் பல்லி வகையோட பேரு) பல்லிக் கூட்டம் தனித்தனியா பிரிஞ்சு, ஒண்ணோட ஒண்ணு சேராம போச்சு, அப்புறம் ஒவ்வொரு பக்கமும் டிஎன்ஏல வேற வேற மாற்றம் சேர்ந்துக்கிட்டே வந்து கடைசில தனி இனமாயிடுச்சு. அப்படி வந்த இனங்கள்ல ஆர்னாட்டாங்கிறது வறண்ட கடலோரத்துல இருக்கும், செபிடியானாங்கிறது ஈரமான பக்கத்துல இருக்கும். பக்கத்துத் தீவான ரியூனியன்ல இருக்கிற இனெக்ஸ்பெக்டாட்டாங்கிற இனம், ஆர்னாட்டாவோட நெருங்கின சொந்தம், முன்னாடி அதையே ஆர்னாட்டாவோட துணை இனம்னுதான் வச்சிருந்தாங்க!

பையன் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற பகுதி) டிஎன்ஏ பத்தி எழுதுறான்னா ஒண்ணு சொல்லுங்க, அது அம்மா வழியா மட்டும்தான் வரும், ரெண்டு இனம் கலந்திருந்தா அப்பா பக்கக் கதை அதுல தெரியாது, அதனால அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வர்ற உட்கரு ஜீனையும் சேர்த்துப் பாக்கணும்.

சித்தப்பா வீட்டுது ஒரு சாண் நீளத்துக்கு மேல, முதுகுல சிவப்புத் திட்டோட இருந்தா அது கிராண்டிஸ்ங்கிற பெரிய ஃபெல்சுமா இனமா இருக்கலாம், மனுஷங்க மடகாஸ்கர்ல இருந்து கொண்டு வந்தது, நம்ம சின்னப் பல்லிங்களையே தின்னுடும். ஒரு போட்டோ போடுங்க, பாத்துச் சொல்றேன்.