மூன்று ஆண்டுகளாக மனை பார்த்தும் வாங்க இயலாதது ஏன்?

ஐயா, செங்கல்பட்டுப் பக்கம் மூன்று ஆண்டுகளில் நாற்பது மனைகளைப் பார்த்தும் ஒன்றுக்கும் முன்பணம் கொடுக்கத் துணிவு வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இதைத் துணிவுக் குறைவு என்று நான் கருதவில்லை. மனையின் விலையை மட்டும் கணக்கிட்டுப் புறப்படுபவர், முத்திரைத்தீர்வையும் பதிவுக்கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், அதாவது 20 லட்ச ரூபாய் மனைக்கு 1,80,000 ரூபாய், தனியே வேண்டும் என்று தெரியவரும் இடத்தில்தான் பெரும்பாலும் பின்வாங்குகிறார் (எனக்கும் முதல் முறை அப்படித்தான் ஆயிற்று). இனி நேரில் போகும் முன்பே சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, பதிவுத்துறை இணையதளத்தில் 30 ஆண்டு வில்லங்கத்தை, அதாவது அந்த மனை மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியலை, கட்டணமின்றிப் பாருங்கள். தீராத அடமானம் ஏதேனும் தென்பட்டால் வெயிலில் அவ்வளவு தூரம் அலைய வேண்டியதே இல்லை. தேறுகிற இரண்டு மூன்று மனைகளுக்கு மட்டும் தாய்ப்பத்திரத்தையும் (மனை முன்பு கைமாறி வந்ததைக் காட்டும் பழைய பத்திரம்) பட்டாவையும் வழக்கறிஞரிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.