ஆகமம் குறித்த கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, சைவ ஆகமங்கள் எத்தனை? எல்லாம் கிடைக்கின்றனவா?

பதில்: ஆகமம் என்பது கோயில் அமைப்பு, பூஜை முறை ஆகியவற்றைச் சொல்லும் நூல். மரபுக் கணக்கு 28: சிவபேதம் என்ற பிரிவில் 10, ருத்ரபேதம் என்ற பிரிவில் 18. எல்லாம் முழுமையாகக் கிடைக்கவில்லை. திருமூலரே ஒன்பதின் பெயரைத்தான் சொல்கிறார். புதுச்சேரியில் திரட்டப்பட்ட சைவச் சுவடிகள், சுமார் 11,000, 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

கேள்வி: ஆகமம் முழுக்க ரகசிய வித்தைதானே?

பதில்: அந்த 28-இல் ஒன்றான காமிகத்தின் பூர்வ பாகத்தை, அதாவது முதற்பகுதியை, திறந்து பாருங்கள். நிலம் தேர்வதிலிருந்து விமானம் எழுப்புவது வரை பக்கம் பக்கமாகக் கட்டட வேலை! ஆகமத்துக்குச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு பாதங்கள், அதாவது பகுதிகள், என்பார்கள். கைக்குக் கிடைப்பவற்றில் சடங்குகளைச் சொல்லும் கிரியைதான் பெரும்பகுதி.

கேள்வி: எங்கள் ஊர்க் குருக்கள் காமிகத்தைப் பார்த்தா பூஜை செய்கிறார்?

பதில்: பெரும்பாலும் பத்ததியைப் பார்த்து. ஆகமத்தில் சிதறிக் கிடப்பதை வரிசைப்படுத்தித் தரும் நூல் அது. 12ஆம் நூற்றாண்டு அகோரசிவாசாரியாரின் கிரியாக்ரம த்யோதிகா என்ற பத்ததிக்கு இங்கே தனிச் செல்வாக்கு உண்டு.

கேள்வி: அபிஷேகத்துக்கு முன் அவர் விரல்களை மடக்குகிறார், உடம்பைத் தொட்டுக்கொள்கிறார். எதற்கு?

பதில்: நல்ல கேள்வி. மடக்குவது முத்திரை, தொடுவது நியாசம். சிவபூஜையில் ஐந்து சுத்திகள் உண்டு: ஆன்மா, இடம், திரவியம், மந்திரம், லிங்கம். முதல் சுத்தியின் பகுதியாகப் பூதசுத்தி வரும். ஐம்பூதங்களாலான உடலை மந்திர அக்கினியால் எரித்து, அமுதத்தால் நனைத்துப் புதிதாகப் படைத்துக்கொள்வதாகப் பாவனை. அந்த உடலில் மந்திரங்களை அங்கம் அங்கமாக வைப்பதே நியாசம். சிவனாகித்தான் சிவனைப் பூசிக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் ரகசியம் என்று தேடுவது, காலசந்தி பூஜையில் உங்கள் கண்ணெதிரேயே நடக்கிறது. ஆனால் பாவனை உள்ளே நிகழ்வது. அவசரத்தில் விரல் மட்டும் மடங்கினால் வெளியே யாருக்கும் தெரியாது.

கேள்வி: புத்தகம் வாங்கி வீட்டிலேயே அம்பாளின் யந்திரமான ஸ்ரீசக்ரத்துக்குப் பூஜை செய்யலாமா? அம்மா வேண்டாம் என்கிறார்.

பதில்: அம்மா சொல்வது சரி. ஸ்ரீசக்ரத்தில் ஒன்பது ஆவரணங்கள் (சுற்றுகள்), 43 முக்கோணங்கள், ஒவ்வோர் ஆவரணத்துக்கும் தனித் தேவதைகள், முத்திரைகள். உபதேசம் பெற்றவர்க்கு உரியது. குரு கிடைக்கும்வரை லலிதா சஹஸ்ரநாமம் சொல்லுங்கள். 18ஆம் நூற்றாண்டில் காவிரிக்கரையில் வாழ்ந்த பாஸ்கரராயரின் உரையோடு படித்தால் ஸ்ரீவித்யை எனும் இந்த அம்பாள் வழிபாட்டு நெறியின் உட்பொருளும் பிடிபடத் தொடங்கும்.

கேள்வி: தந்திரம் என்றால் மது, மாமிசம்தானே?

பதில்: அது கௌலம் போன்ற சில தந்திர நெறிகளின் வழக்கம். சைவ சித்தாந்த ஆகமங்களுக்கும் தந்திரம் என்ற பெயர் உண்டு. அங்கே நைவேத்தியம் சுத்த அன்னம்தான்.

கேள்வி: பெருமாள் கோயில்களில் எந்த ஆகமம்?

பதில்: வைணவ ஆகமங்களில் திருமலையில் வைகானசம், திருவரங்கத்தில் பாஞ்சராத்திரம்.

கேள்வி: சிதம்பரத்தில் எந்த ஆகமம்?

பதில்: தங்கள் பூஜை வைதிக முறை, பதஞ்சலி பெயரால் வழங்கும் பத்ததிப்படி நடப்பது என்பது அங்கே பூஜை செய்யும் தீட்சிதர்களின் நிலை. மற்றச் சிவன் கோயில்களின் கணக்கை அங்கே போட்டுப் பார்க்காதீர்கள்.